சுவிட்ச் அமைப்பைச் சேமிக்காமல் விட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மேலாளர், தங்கும் விடுதி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
சர்வீஸ் பிரிவு மேலாளர்,
சுவிட்ச் விற்று அமைத்துக் கொடுத்த நிறுவனம், புதுச்சேரி.

ஐயா,

பொருள்: 24 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்டும் தரும்) மேனேஜ்டு சுவிட்ச் – கான்ஃபிகரேஷன் (அமைப்பு) அழிந்தது, பவர் பற்றாக்குறை.

உங்கள் டெக்னீஷியன் ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாக (விலான்) பிரித்தார்: பில்லிங்குக்கு விலான் 10, விருந்தினர் வைஃபைக்கு 20, கேமராக்களுக்கு 30. ரவுட்டருக்குப் போகும் 24-ஆம் போர்ட்டை ட்ரங்க்காக (எல்லா விலானையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும் போர்ட்டாக) போட்டுக் கொடுத்தார். செவ்வாய் இரவு கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்தது. கரண்ட் வந்த பிறகு பில்லிங் கம்ப்யூட்டருக்கும் ஐபி (நெட்வொர்க் முகவரி) இல்லை, விருந்தினர் போனுக்கும் இல்லை. கேட்டதற்கு "ரவுட்டர் பிரச்சினை" என்றீர்கள்.

ரவுட்டர் இல்லை. பில்லிங் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, கையால் 192.168.30.50 என்று கேமரா பிரிவின் ஐபி கொடுத்துப் பார்த்தோம். கேமரா நேராகப் பிங்குக்கு (இணைப்பு உண்டா என்று பார்க்கும் சோதனைச் செய்திக்கு) பதில் தருகிறது. விலான் பிரிவு இருந்தால் அது நடக்கவே கூடாது. கன்சோல் கேபிள் போட்டு சுவிட்ச்சின் அமைப்பைப் பார்த்தால், எதுவும் அமைக்காத புது சுவிட்ச் போல 24 போர்ட்டும் விலான் 1-இல்தான் இருக்கின்றன. ரவுட்டரோ 10, 20, 30 என்று டேக் (விலான் எண்) போட்டு வரும் பாக்கெட்டுக்குக் காத்திருக்கிறது. டெக்னீஷியன் கொடுத்த கட்டளைகள் ரன்னிங் கான்ஃபிகில் (அப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில்) மட்டும் இருந்திருக்கின்றன. அது ராமில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பது, கரண்டோடு போய்விடும். கரண்ட் போனாலும் அழியாத ஸ்டார்ட்அப் கான்ஃபிகுக்கு காப்பி செய்யும் அந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. தினமும் இதே வேலை செய்கிறவர் மறக்கக் கூடிய வரியா அது?

இரண்டாவது, 19-ஆம் போர்ட்டில் இருக்கும் பின்வாசல் கேமரா. இருட்டிய பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து உயிர் பெறுகிறது. கேமராவை மாற்றச் சொன்னீர்கள். 5-ஆம் போர்ட் கேமராவை எடுத்து இங்கே மாட்டினாலும் அதே கதை. கணக்கு இதுதான்: சுவிட்ச்சின் மொத்த பிஓஇ பட்ஜெட் 195 வாட். 1 முதல் 3 வரையுள்ள போர்ட்களில் ஆக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை தரும் கருவிகள்), ஒவ்வொன்றும் 13 வாட், ஆக 39. கேமரா 16. பகலில் ஒன்றுக்கு 5 வாட், மொத்தம் 119-தான் ஆகிறது. இரவில் ஐஆர் விளக்கு (கேமரா இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரிந்ததும் ஒன்றுக்கு 10 வாட், மொத்தம் 199. கடைசி போர்ட்டை சுவிட்ச் துண்டிக்கிறது. கேமரா மறுபடி பூட் ஆகும்போது குறைவாகத்தான் இழுக்கும், அதனால் பவர் கிடைக்கிறது, ஐஆர் எரிகிறது, திரும்பவும் துண்டிப்பு. கேமரா எண்ணிக்கை உங்கள் கொட்டேஷனிலேயே இருக்கிறது.

எனவே 7 நாட்களுக்குள், மறு வருகைக்குக் கட்டணம் இல்லாமல், மூன்று விலானையும் ட்ரங்க்கையும் மறுபடி அமைத்துச் சேமித்து, எங்கள் முன்னால் பிளக்கைப் பிடுங்கிச் செருகிக் காட்டுங்கள். கான்ஃபிக் ஃபைலின் நகலும் அட்மின் பாஸ்வேர்டும் எங்களிடம் தர வேண்டும். பவருக்கு 370 வாட் மாடலை மாற்றித் தாருங்கள், அல்லது நான்கு கேமராவுக்குத் தனி இன்ஜெக்டர் (சுவிட்ச்சுக்குப் பதிலாகக் கேபிளில் பவர் தரும் கருவி) போடுங்கள். போர்ட் முன்னுரிமையை (பவர் போதாதபோது எதைத் துண்டிப்பது என்ற வரிசையை) மட்டும் மாற்றிவிட்டுப் போவதை ஏற்க மாட்டோம், அப்போது வேறொரு கேமரா அணையும்.

அதுவரை பாக்கித் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது.

இப்படிக்கு,
மேலாளர்

இணைப்பு: கன்சோல் திரைப் படங்கள், கொட்டேஷன் நகல்.