கரும்புச் சக்கையில் சைலிட்டால்: பாலக்கோடு, கோபாலபுரம் ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தின் இரு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளும் கரும்புச் சக்கையிலிருந்து சைலிட்டால் என்ற இனிப்பூட்டியை ஈஸ்ட் கொண்டு எடுக்கும் ஒரு சிறிய சோதனையை இணைந்து தொடங்க வேண்டும் என்று கரும்பு விவசாயி என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

கொதிகலனில் எரியும் சக்கையின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். அதை நீர்த்த அமிலத்தில் வேகவைத்தால் சைலோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரை கிடைக்கும். சைலோஸிலிருந்து சைலிட்டால் எடுக்கலாம். இனிப்பில் அது சர்க்கரைக்கு நிகர். கலோரியோ கிராமுக்கு 4 அல்ல, 2.4 மட்டுமே. வழக்கமான முறையில் நன்கு தூய்மையாக்கிய சைலோஸை நிக்கல் வினையூக்கியுடன் உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனேற்றம் செய்து (ஹைட்ரஜனைச் சேர்த்து) சைலிட்டாலாக்குகிறார்கள். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இந்த மாற்றத்தைச் சாதாரண அழுத்தத்தில், சுமார் 30 டிகிரி வெப்பத்திலேயே செய்துவிடும்.

ரொட்டி ஈஸ்டுக்குச் சைலோஸை உண்ணத் தெரியாது. வேறோர் ஈஸ்டிலிருந்து சைலோஸ் ரிடக்டேஸ் (சைலோஸைச் சைலிட்டாலாக்கும் நொதி) மரபணுவை எடுத்து அதில் சேர்த்து, 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட சைலோஸைச் சைலிட்டாலாக மாற்றலாம் என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 1991இலேயே காட்டினார்கள். உருவான சைலிட்டாலை அந்த ஈஸ்ட் பெரும்பாலும் உண்ணாமல் வெளியே விட்டுவிடுவதுதான் இதிலுள்ள நுட்பம். ஆனால் அது இயங்கக் கொஞ்சம் குளுக்கோஸ் வேண்டும். அளவு மிஞ்சினால் சைலோஸ் செல்லுக்குள் நுழைவது தடைப்படும் என்பதால் சிறுகச் சிறுக ஊட்ட வேண்டும். அதற்கு ஆலையின் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகு) இருக்கவே இருக்கிறது.

உண்மையான சிக்கல் வேகவைத்த சக்கைச் சாற்றில் இருக்கிறது. சைலோஸுடன் அசிட்டிக் அமிலமும் ஃபர்ஃபியூரால் என்ற வேதிப்பொருளும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் ஈஸ்டை முடக்கும். ஆகவே தூய சைலோஸில் கிடைத்த ஆய்வக எண்களைக் காட்டி யாரேனும் பெருந்திட்டத்துடன் வந்தால், நம் சக்கைச் சாற்றில் செய்துகாட்டச் சொல்லுங்கள். எஞ்சும் ஈரச் சக்கையை உலர்த்தி எரிக்கும் செலவும், கொதிகலனுக்குக் குறையும் எரிபொருளின் மதிப்பும் அந்தக் கணக்கில் வர வேண்டும். (திட்ட அறிக்கைகளில் இந்த வரிதான் பெரும்பாலும் காணாமல் போகும்.)

இந்த ஈஸ்ட் மரபணு மாற்றிய நுண்ணுயிர் என்பதால், அத்தகையவற்றுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி முன் அனுமதி தேவை. சைலிட்டாலைச் சர்க்கரை நோய்க்கு மருந்தென்று விற்கவும் கூடாது. அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும், இரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களிடம் இதயப் பாதிப்பு அதிகம் காணப்பட்டதாக 2024இல் வெளியான ஆய்வும் இருக்கிறது.

எனவே வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையுடன், சில லிட்டர் கொள்ளளவுள்ள நொதிகலனில், அடுத்த அரவைப் பருவத்தின் சக்கையைக் கொண்டு சோதித்து, முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் செலவுக் கணக்குடன் பேரவைக் கூட்டத்தில் வைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி