விதைநெல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவிலில் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்குவதற்குள் கண்ணில் படும் முடி வளர்ப்பு விளம்பரங்களை எண்ணி மாளாது. இப்போது அவற்றில் 'ஸ்டெம் செல்', 'எபிஜெனடிக்' என்ற சொற்களும் ஏறிவிட்டன. சொற்கள் அறிவியலுடையவைதான். அவற்றைக் காட்டி வாங்கும் பணத்துக்குத்தான் அறிவியல் துணை நிற்கவில்லை.

சீப்பில் வரும் முடியின் அடியில் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். "வேரோடல்லவா வந்துவிட்டது" என்று பதறுவார்கள். அது வேர் அல்ல, ஓய்வுக்குப் போன முடியின் அடிக்கட்டை. புதிய செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்களான ஸ்டெம் செல்கள் இருப்பது தோலுக்குள், எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே. புல்லரிக்கும்போது முடியைத் தூக்கி நிறுத்துகிற சிறு தசை வந்து ஒட்டும் இடத்தில் ஒரு புடைப்பு உண்டு. அதுதான் அவற்றின் இருப்பிடம். 1990-இல் காட்சரெலிஸ், சன், லாவ்கர் ஆகியோர் எலித்தோலில் இதைக் காட்டினார்கள். முடி கொட்டினாலும் புடைப்பு தலையிலேயே இருக்கும்.

கன்னிப்பூ அறுத்த வயலில் கும்பப்பூ நடும் நாஞ்சில் நாட்டுக்கு இதை விளக்குவது எளிது. ஒவ்வொரு முடிக்குழியும் தனித்தனி வயல். 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ச்சி, 2, 3 வாரம் சுருக்கம், ஏறக்குறைய 3 மாதம் தரிசு, பிறகு மறுபடி விளைச்சல். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இந்தக் கணக்குக்குள் அடங்கும். ஸ்டெம் செல்தான் விதைநெல்.

தரிசுக் காலத்தில் அந்த விதை முளைத்துவிடாமல் காப்பதில் எபிஜெனடிக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. இதில் மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் 'மெத்தில்' என்னும் வேதிக் குறிகள் ஏறி, 'முடியாக மாறு' என்னும் மரபணுக்களை மூடி வைக்கின்றன. உறங்க வைக்கும் 'பி.எம்.பி.' சைகை அடங்கி, அடியிலிருந்து எழுப்பிவிடும் 'விண்ட்' சைகை வலுக்கும்போது மூடியவை திறக்கின்றன. இவ்வளவையும் நாம் அறிந்தது பெரும்பாலும் எலியிடமிருந்து.

மனிதத் தலையில் தெரிந்தது கொஞ்சம். ஆனால் முக்கியமானது. ஆண் வழுக்கையில் ஸ்டெம் செல்கள் அழிவதில்லை. அவற்றிலிருந்து பிறக்க வேண்டிய அடுத்த தலைமுறை செல்களே குறைகின்றன என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உச்சி வழுக்கையானாலும் பிடரி முடி ஏன் நிற்கிறது என்பதற்கும் அதே ஆண்டு ஒரு விடை கிடைத்தது. ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பியின் மரபணுவில், பிடரி முடிக்குழிகளில் மெத்தில் குறிகள் கூடுதல். பிடரியிலிருந்து எடுத்து முன்தலையில் நட்ட முடி, போன இடத்திலும் தன் பழைய குணத்தோடே வளர்கிறது.

"அப்படியானால் அந்தக் குறிகளை மருந்தால் மாற்றலாமே?" நியாயமான கேள்விதான். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வால்புரோயிக் அமிலம் ஹிஸ்டோன் குறிகளை மாற்றக்கூடியது. எலித்தோலில் பூசியபோது முடி வளர்ந்தது. அதே மருந்தை மாத்திரையாக உட்கொள்ளும் வலிப்பு நோயாளிகள் சிலருக்கோ முடி கொட்டுகிறது! கர்ப்பிணி உட்கொண்டால் கருவின் தண்டுவடத்துக்கே ஊறு. இவ்வகை மருந்து ஒரே ஒரு மடையைத் திறப்பதில்லை, ஊரிலுள்ள குளத்து மடைகளை எல்லாம் சேர்த்துத் திறக்கிறது. வலிப்புக்காக அதைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

ஆகவே, பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியது விதைநெல் இருக்கிறதா என்பதை. காய்ச்சல், பிரசவம் முடிந்து 2, 3 மாதத்தில் கொத்தாகக் கொட்டினால் விதை பத்திரம். காரணம் நீங்கினால் பெரும்பாலும் 6 மாதத்தில் அடங்கும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு பரிசோதனை போதும், டி.என்.ஏ. பரிசோதனை வேண்டாம். புழுவெட்டில் நோய் எதிர்ப்பு அணுக்கள் தாக்குவது முடியின் அடிப்பகுதியை. புடைப்பு பெரும்பாலும் தப்பும், எனவே மறுபடி முளைக்க வாய்ப்புண்டு. அஞ்ச வேண்டியது தழும்பு வழுக்கையைத்தான். எரிச்சல், வலி, குழித்துளை ஒன்றுகூடத் தெரியாமல் மினுங்கும் தோல் என்றிருந்தால் அங்கே புடைப்பே அழிந்துகொண்டிருக்கிறது. அழிந்த இடத்தில் எந்த எண்ணெயும் எந்த ஊசியும் முளைக்க வைக்காது. அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆண் வழுக்கைக்குப் பலன் உறுதியான மருந்துகளில் ஒன்று மினாக்சிடில். 5 சதவீதக் கரைசல், வேளைக்கு 1 மில்லி, நாளுக்கு இருவேளை, காய்ந்த தலையில். நம் ஊரில் இது பலிக்காமல் போவதற்குப் பழக்கமும் ஒரு காரணம்: காலையில் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வழிய வைத்து அதன் மேலேயே மருந்தைத் தேய்த்தால் தோலுக்குள் எப்படிப் போகும்? எண்ணெய் வைப்பவர்கள் குளித்துத் துவட்டிய பிறகு மருந்து போடலாம். பிறகு 4 மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. இன்னொன்று, தொடங்கிய 2 முதல் 8 வாரத்துக்குள் உதிர்வு கூடும். புதிய முடி பழையதைத் தள்ளுவதால் வருவது அது. பலர் அங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். 4 மாதமாவது போட்டால்தான் பலன் தெரியும். நிறுத்தினால் கிடைத்ததும் போகும். வீட்டில் பூனை இருந்தால் மருந்து பட்ட தலையணையை நக்க விடாதீர்கள், அதற்கு இது உயிர்கொல்லி.

'ஸ்டெம் செல்' என்ற பெயரில் பல இடங்களில் போடுவது பி.ஆர்.பி. ஊசி. அது நம் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த தட்டணுக் கரைசல், ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல. உண்மையிலேயே ஸ்டெம் செல் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி முடிக்காக அதைப் பதிவு செய்த ஆய்வில் மட்டுமே தரலாம். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டின் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணும் தராமல் கட்டணமும் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களுக்கு, 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வழுக்கையும் அதில் உண்டு. அதன் நகல் ஒன்றை விளம்பரப் பிரிவு மேசையிலும் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தோல் நோய் மருத்துவர்கள் சிலர்,
நாகர்கோவில்