எங்களுக்கும் ஒரு வருகைப் பதிவேடு

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும்,

வணக்கம். முப்பத்தொரு ஆண்டு பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எடுத்தவள் நான். ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் வீடு தேடிப் போவோம். இந்த மாவட்டத்துச் சிறுநீரக நோயாளிகளுக்கும் அப்படி ஒரே பதிவேடு வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் தம்பி குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே தோட்டத்தில் இறங்குவான். பால் எடுத்து முடியும்வரை தண்ணீர் குடிக்கிற பழக்கம் கிடையாது. கால் வீங்கியபோது நடந்த களைப்பு என்றோம். முகம் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்றோம். இடுப்பு வலிக்கு இரண்டு ஆண்டாக அவனே மாத்திரை வாங்கி விழுங்கிவந்ததை நாங்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இரத்தம் பார்த்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது, ஒன்பதைத் தாண்டியிருந்தது.

அவனுடைய காகிதங்கள் எல்லாம் ஒரு துணிக்கடைக் கட்டைப்பையில் இருக்கின்றன. நாகர்கோவிலில் பார்த்தவை கொஞ்சம், திருநெல்வேலியில் பார்த்தவை கொஞ்சம், மீதி திருவனந்தபுரத்தில். 1956-இல் மாநிலம் பிரிந்தது. வைத்தியத்துக்கு எல்லை தாண்டிப் போகிற வழக்கம் எங்களை விட்டுப் பிரியவில்லை. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பையை அடுக்கினேன். 2019-ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்றில், சிறுநீர்ப் புரதம் என்ற வரிக்கு எதிரே பேனாவால் இரண்டு கூட்டல் குறிகள். அடுத்த ஆஸ்பத்திரி அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை. எடுத்துக் காட்ட வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் வீட்டிலேயே இந்தக் கதி!

மூன்று மாதத்துக்கு மேல் சிறுநீரில் புரதம் போனாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய்தான் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்தால், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் சேர்ந்தால், டயாலிசிஸைப் பல ஆண்டு தள்ளிப்போட முடியும். 2023-இல் அரசு தொடங்கிய ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குச்சியை நனைத்துச் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் குச்சி நிறம் மாறிய ஒருவர் மறுமாதம் மாத்திரை வாங்கினாரா, எல்லை தாண்டிப் போய்விட்டாரா, வேலைக்குப் போய் மறந்துவிட்டாரா என்று பார்க்க ஆள் வேண்டும். எந்த ஊரில் வைத்தியம் பார்த்தாலும் எண் ஒன்றாக இருக்கட்டும், ஏடு ஆசாரிப்பள்ளத்தில் இருக்கட்டும்.

முதல்வர் அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் புளிஞ்சிக்காய் மரம் நிற்கிறது; கேரளத்தில் இரும்பன்புளி என்பார்கள். கொழுப்பு குறையும் என்று யாரோ சொல்ல, அதைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கிறவர்கள் உண்டு. கேரளத்தில் அப்படிக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று பழுதானதை மருத்துவர்கள் 2013-இல் ஆய்விதழில் எழுதினார்கள். காயில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்ததுதான் காரணம். ‘என்ன குடித்தீர்கள்?’ என்று கேட்கத் தோன்றியதே, அதுதான் ஆராய்ச்சி. அந்தக் கேள்வியை உங்கள் மாணவர்கள் இங்கே கேட்க வேண்டும். பால்வெட்டுகிறவர்களிடம், ஆரல்வாய்மொழிச் செங்கல் சூளையில் வேகிறவர்களிடம், தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்கட்டும். ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் அனுராதபுரத்திலும் சர்க்கரையோ அழுத்தமோ இல்லாத உழைப்பாளிகளுக்கே சிறுநீரகம் கெட்டது. வெயில், தண்ணீர், பூச்சிமருந்து என்று இன்றுவரை விவாதம் ஓயவில்லை. எங்கள் கடற்கரையிலோ எந்த நோய் வந்தாலும் கதிரியக்கம் உள்ள மணலைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மணலோ, கிணற்று நீரோ, தாகமோ, வலி மாத்திரையோ, அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு விஷயம் சின்னதுதான், ஆனால் தினமும் மூன்று வேளை வருகிறது. தம்பிக்குக் கொடுத்த உணவுத் தாளில் சப்பாத்தி இருந்தது, ஓட்ஸ் இருந்தது. மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, இல்லை. கிழங்கும் மீன்கறியும் இல்லாத வீடு இந்தப் பக்கம் ஏது? நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைத்தால், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் குறையும் என்று ஒரு நர்ஸ் தங்கை போகிற போக்கில் சொன்னாள். அதை அச்சடித்துக் கொடுங்கள். மட்டி வாழைப்பழம், இளநீர், கருவாடு மூன்றையும் பெயர் சொல்லியே எழுதுங்கள். ‘பொட்டாசியம் மிகுந்த பழங்களைத் தவிர்க்கவும்’ என்றால், மட்டி அதில் சேராது என்று என் தம்பி வாதாடுகிறான்.

செவ்வாயும் வெள்ளியும் அதிகாலை பஸ்ஸில் அவனோடு டயாலிசிஸுக்குப் போய்விடுவேன். மற்ற நாட்களில் வீட்டில்தான் இருக்கிறேன். அந்தப் பதிவேட்டில் பெயர் எழுத ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள். கையெழுத்து இன்னும் தெளிவாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
குலசேகரம்