மண்டல சபைக்கு நிற்கப்போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. கிளாட்னோவில் நாங்கள் நலம். யிஹ்லவாவில் உனக்கு நைட் டியூட்டி கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தச் செக் நாட்டின் அடுத்த மண்டலத் தேர்தலில் உன்னை வேட்பாளர் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். நீ நிற்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால், நம் மண்டலத்தின் தலைவராக இருந்து லஞ்ச வழக்கில் சிக்கிய டேவிட் ராத்தின் கதையை ஒருமுறை முழுதாக யோசித்துப் பார். அவர் கைதானபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஒயின் பெட்டியில் பணம் என்பது மட்டும்தான் உன் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அதற்கு முந்தைய வருடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

அவரும் உன்னைப் போல டாக்டர். 1990களில் டாக்டர்களின் சம்பளத்துக்காகக் குரல் கொடுத்த சங்கத்தின் தலைவர். 1998 முதல் செக் மருத்துவர் சபையின் தலைவர். 2005-ல் பிரதமர் பரோபெக்கின் அரசில் சுகாதார அமைச்சர். வாதத்தில் அவரை மடக்குவது லேசில்லை, எதிரிகளையும் அதே வேகத்தில் சம்பாதித்தார். 2006-ல் பல் டாக்டர்கள் கூடிய ஒரு மாநாட்டில் முன்னாள் அரசியல்வாதி மிரோஸ்லாவ் மாட்செக் மேடையிலேயே அவரை அறைந்ததை நாடே டிவியில் பார்த்தது.

2008 தொடக்கத்தில் அரசு மருத்துவக் கட்டணம் கொண்டுவந்தது. டாக்டரைப் பார்க்க 30 கிரீடம் (செக் நாணயமான கொருனா), மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 60. பென்ஷனில் வாழும் வயதானவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்த அக்டோபர் மண்டலத் தேர்தலில் ராத்தின் சமூக ஜனநாயகக் கட்சி 13 மண்டலங்களிலும் ஜெயித்தது. ராத் நம் மத்திய பொஹீமியாவின் ஹெய்ட்மன், அதாவது மண்டலத் தலைவர் ஆனார். அடுத்த வருடமே மண்டல மருத்துவமனைகளில் நோயாளிகளின் கட்டணத்தை மண்டலமே ஏற்றுக்கொண்டது. அது சட்டப்படி சரியா என்று பெரிய சண்டை நடந்தது. ஆனால் அதனால் ஆறுதல் அடைந்தவர்கள் பொய்யில்லை தம்பி. அந்த மனிதர் ஒன்றுமே செய்யாதவர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மண்டலம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளி, இரண்டாம் தர, மூன்றாம் தரச் சாலைகள், ஊருக்கு ஊர் போகும் பஸ், ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கும் கட்டடப் பணிகள், எல்லாம் அதன் கையில். பத்திரிகைகளின் கண்ணோ பெரும்பாலும் பிராக் நாடாளுமன்றத்தின் மேல்தான். ராத் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்துகொண்டே மண்டலத்தையும் நடத்தினார்.

2012 மே 14 அன்று போலீஸ் அவரைப் பிடித்தபோது அந்தப் பெட்டியில் 70 லட்சம் கிரீடம் இருந்தது. வழக்கு நமக்குப் பக்கத்திலிருக்கும் புஷ்டேஹ்ரட் அரண்மனையைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தையும், மருத்துவமனைகளுக்கான கொள்முதலையும் தொட்டது. கிளாட்னோ மருத்துவமனையின் அப்போதைய இயக்குநரும் தண்டிக்கப்பட்டார். உள்ளே ஒயின் இருப்பதாகத்தான் நினைத்தேன் என்றார் ராத். 2015-ல் எட்டரை வருடத் தண்டனை. 2016-ல் போலீஸின் ஒட்டுக்கேட்புப் பதிவுகள் செல்லாது என்று மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவருடம் அவை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2018-ல் மறுபடி எட்டரை வருடம், 2019-ல் இறுதியாக ஏழு.

பணத்தாசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. மருத்துவமனை, டெண்டர், நிதி, கட்சி என்று எல்லாக் கதவுக்கும் சாவி ஒரே சிறிய வட்டத்திடம் போனது. முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவர் அதற்குள் இல்லை. திறமைசாலிக்குத்தான் அந்த இடம் சீக்கிரம் அமைகிறது. எனக்கு உன் விஷயத்தில் பயம் அதுதான். நீயும் சட்டென்று பேசி ஜெயிக்கிறவன்.

அதனால் சிலதைக் கேட்கிறேன். முதல் தடவையே மண்டல நிர்வாகக் குழுவில் இடம் தந்தாலும் எடுத்துக்கொள்ளாதே. கண்காணிப்புக் குழுவில் உட்கார். எந்த மண்டல சபையிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும், அங்கே போக யாரும் அடித்துக்கொள்வதும் இல்லை. 2016 முதல் 50,000 கிரீடத்துக்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தங்கள் பொதுப் பதிவேட்டில் வர வேண்டும். ராத் காலத்தில் அது கிடையாது. மாதம் ஒரு மாலை அதைத் திறந்து படி. அப்புறம், நீ வேலை செய்யும் மருத்துவமனை மண்டலத்துடையது. அதைப் பற்றிய பேச்சு வந்தால் உன் சம்பந்தத்தை முதலிலேயே சொல்லிவிடு. ஓட்டுப் போடாமல் விலகி நில்.

இரண்டாவது பதவி எதுவும் வேண்டாம். அறுவை அரங்கை மட்டும் விட்டுவிடாதே. தேர்தலில் தோற்றாலும் திங்கட்கிழமை காலை போவதற்கு உனக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

நீ செக் குடியுரிமை வாங்கியபோது அம்மா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. இப்போது அவள்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். எங்களுக்கு இங்கே மண்டலத் தேர்தலில் ஓட்டு இல்லை, ஓட்டு இருந்திருந்தாலும் உன் மண்டலம் வேறு. பட்டியலில் எத்தனையாவது இடம் தருகிறார்கள் என்று கேட்டு எழுது. கீழே போட்டாலும் கவலைப்படாதே. வாக்காளர் நான்கு பேரை வட்டமிடலாம், உன் பட்டியலுக்கு விழுந்த ஓட்டில் ஐந்து சதவீதம் உனக்குக் கிடைத்தால் மேலே வந்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா