லாகீஸ் கோயில்களின் பானை ஓடுகளைக் காத்து வைத்திருப்பவர்களுக்கு

வணக்கம்.

இன்றைய இஸ்ரேலில் இருக்கும் பழைய கானானிய நகரமான லாகீஸின் வடகிழக்கு மூலையில் 2013 முதல் 2017 வரை தோண்டிய கோயிலைப் பற்றி 2020இல் செய்தி வந்தது. கையை ஓங்கி நிற்கும் இரண்டு குட்டிச் சாமிகளைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள். என் மனம் ஓர் உடைந்த பானை ஓட்டிலேயே நின்றுவிட்டது. கானானியர் ‘ஸ’ ஒலிக்கு எழுதிய ‘சாமெக்’ எழுத்தின் இதுவரை கிடைத்ததிலேயே பழைய வடிவம் அதில் இருந்தது.

உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. எழுத்தில்லை என்று கட்டி வைத்த ஓட்டுப் பெட்டிகளைத் தயவுசெய்து மறுபடி திறந்து பாருங்கள்.

வீண் ஆசை என்று நினைக்க வேண்டாம். அதே லாகீஸில் கிடைத்த தந்தச் சீப்பு உங்களுக்குத் தெரியும். விரல் நீளம்கூட இல்லை. மண்ணிலிருந்து எடுத்தபோது அதில் எழுத்து இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. சில ஆண்டுகள் கழித்து, பெரிதாக்கிய படத்தில்தான் மெல்லிய கீறல்கள் தெரிந்தன: பதினேழு எழுத்து, ஏழு சொல். தலைமயிரிலும் தாடியிலும் இருக்கும் பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்கிறது அது. சீப்பின் பல்லில் பேனின் எச்சமும் ஒட்டியிருந்தது. 2022இல் அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வேறு வேலையே பார்க்கவில்லை.

சீப்புக்கே இப்படி என்றால், கோயிலில் குவிந்த காணிக்கைக் கலங்களை என்ன சொல்வது? 1930களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஸ்டார்க்கி லாகீஸில் தோண்டிய, பழைய கோட்டை அகழியில் கட்டியிருந்த அகழிக் கோயிலின் கூஜா துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது. ஒட்டிப் பார்த்தால், மத்தன் என்பவர் தம் தேவி ஏலாத்துக்குக் கொடுத்த காணிக்கை என்று தோளில் எழுதியிருக்கிறது. ஸ்டார்க்கி 1938இல் கொல்லப்பட்ட பிறகு, அவர் குழுவிலிருந்த ஓல்கா டஃப்னல் அந்தப் பொருள்களோடு இருபது ஆண்டு உட்கார்ந்து 1958இல் அகழாய்வு அறிக்கையின் கடைசித் தொகுதியை முடித்தார். டஃப்னலின் அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இன்றைய கேமராவும் கணினியும் அவரிடம் இல்லை.

ஆட்களும் பணமும் போதாது என்பது புரிகிறது. சரி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் விளக்கை வைத்து, ஓட்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து இணையத்தில் போடுங்கள். பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தக் காலக் கானானிய எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவாகத்தான் இருக்கின்றன. புதிதாக ஓர் எழுத்து கிடைத்தாலும் எழுத்தின் வரலாற்றில் ஒரு வெற்றிடம் நிரம்பும்.

அகழிக் கோயிலின் பெட்டிகளிலிருந்து தொடங்குங்கள். மத்தனைப் போலப் பேர் எழுதிக் கொடுத்தவர்கள் இன்னும் இருந்திருப்பார்கள்.

அன்புடன்,
பழைய எழுத்துகளைத் தேடிப் படிக்கும் ஒரு வாசகர்