எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்

முடி உதிர்வுக்கு மருந்து எழுதும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் என் தங்கை ஒரு காகிதக் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மருந்துக்கடையில் தருவார்களே, காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட பழுப்புக் கவர். காலைக் கட்டத்தில் ½ என்று எழுதியிருந்தது. மற்ற இரண்டிலும் பூஜ்யம். உள்ளே கத்தரித்த அட்டையில் மாத்திரைகள். "அக்கா, நீ சாப்பிட்டது இதுதானே?" என்று கேட்டாள்.

அதேதான். ஃபினாஸ்டிரைடு, 5 மில்லிகிராம், தினமும் பாதி. தங்கைக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. அவளுக்கு எழுதியது வேறு ஊர், வேறு மருத்துவமனை, வேறு மருத்துவர். கேட்காமல் விட்ட கேள்வி மட்டும் ஒன்றே. அதனால்தான் இதை ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி இதுதான்: "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" இதைக் கேட்டுவிட்டு மாத்திரை எழுதுங்கள். பதிலைச் சீட்டில் குறித்து வையுங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டாகக் கூடாது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் வகிடு அகலமாகிவிடும். அப்பத்தாவுக்கு அப்படி இருந்தது. அத்தைக்கும் அப்படியே. அத்தை சவுரி வைத்துப் பின்னி, உச்சந்தலையில் கண்மையைத் தேய்த்துக்கொண்டுதான் விசேஷ வீடுகளுக்குக் கிளம்புவார். எனக்கு இருபத்து மூன்றிலேயே தொடங்கியது. கல்யாணத்தன்று தலையில் வைத்த மல்லிகைச் சரம் நிற்க முடியாமல் மூன்று முறை சரிந்தது. முடி இருந்தால்தானே ஊசி பிடிக்கும்? மூன்றாவது முறை அலங்காரம் செய்தவர் யாருக்கும் தெரியாமல் நூலால் கட்டிவிட்டார். அந்த நூலின் இழுப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தையைத் தள்ளிப்போட்டோம். வெளியில் சொன்ன காரணம் வீட்டுக்கடன். உள்ளே இருந்த காரணம் முடி. எனக்கு ஒரு மகள் பிறந்து, அவளும் பதினேழு பதினெட்டு வயதில் கண்ணாடி முன் நின்று வகிட்டை மாற்றி மாற்றி எடுத்துப் பார்ப்பாளோ என்று நினைத்து இரவில் அழுதிருக்கிறேன். இது அற்பமான கவலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலையைக் குனியச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு அது அற்பமில்லை.

சிகிச்சை மையத்துக்குப் போனபோது முதலில் பேசியவர் மருத்துவர் இல்லை, ஆலோசகர். வகிட்டில் கேமராவை வைத்து என் மண்டையைப் பெரிய திரையில் காட்டினார். ஆறு தடவை ஊசி, மாதாமாதம் தவணை என்று விலைப்பட்டியலைச் சொன்னார். பிறகு மருத்துவர் வந்தார். நான்கைந்து நிமிடம் இருந்திருப்பார். நான்தான் கேட்டேன்: "டாக்டர், இது பரம்பரைன்னா எனக்குப் பொறக்கிற பிள்ளைக்கும் வருமா? அதை நெனச்சுத்தான் ரெண்டு வருஷமாத் தள்ளிப் போட்டுட்டிருக்கோம்."

"அம்பது பர்சென்ட் வாய்ப்பு இருக்குங்க" என்றார். அப்படியே மாத்திரையும் எழுதினார்.

இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பிள்ளைக்கு வருமா என்று ஒரு பெண் கேட்கிறாள். பிள்ளை பெறுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அந்த இடத்தில் பேனா நின்றிருக்க வேண்டும்.

தினமும் காலையில் அடுப்பங்கரையில் மாத்திரையைத் தட்டில் வைத்துக் கத்தியால் இரண்டாக வெட்டுவேன். சில நாள் நொறுங்கிவிடும். தூளை விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வேன், பணம் போட்டு வாங்கியதாயிற்றே என்று. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகளும் கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்களும் கையால் தொடக் கூடாது என்று அதன் குறிப்புத்தாளில் அச்சிட்டிருப்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். எனக்குக் கொடுத்தது கத்தரித்த அட்டை. அதற்கு ஏது குறிப்புத்தாள்?

இதற்கிடையில், மருந்தைப் பற்றி எதுவும் தெரியாமலே, நானும் கணவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். முடி கொட்டும் என்பதற்காக ஒரு பிள்ளையைப் பெறாமல் இருக்க வேண்டாம் என்று. "உனக்கு முடி கம்மிதான், நாம நல்லா இல்லையா?" என்று ஒருநாள் ராத்திரி அவர் கேட்டார். அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த முடிவுக்கும் காலையில் வெட்டும் மாத்திரைக்கும் தொடர்பு உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நாள் தள்ளிப்போய், மகப்பேறு மருத்துவரிடம் போனபோது ஆறு வாரம். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். கைப்பையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது வயசான ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கத்துக்குக் குடுக்கிறதும்மா. உனக்கு யார் எழுதினது?" அன்றே நிறுத்தச் சொன்னார். மருந்து சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், இந்த மருந்து பாதிக்கக்கூடிய பிறப்புறுப்புகள் கருவில் உருவாவது இனிமேல்தான், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். அவர் கேட்ட கேள்விக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஏழரை மாதம் வாழ்ந்தேன்.

உங்களுக்குத் தெரியும், இந்த மருந்தின் ஆபத்து ஆண் கருவுக்குத்தான், அதன் பிறப்புறுப்பு சரியாக உருவாகாமல் போகலாம். பெண் கருவென்றால் அந்தப் பயமில்லை. இருபதாவது வாரத்தில் ஸ்கேன் எடுக்கப் போனேன். சுவரில் அந்தப் பலகை: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது. குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனா பிடித்த கை நடுங்கியது. அந்த நிமிடம் என்னைவிட அதை அறிய விரும்பியவள் அந்தக் கட்டடத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. எனக்கு எந்தக் குழந்தையாக இருந்தாலும் சந்தோஷம்தான். பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

1994ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது. அந்தப் பலகை இருக்கத்தான் வேண்டும். ஸ்கேன் மருத்துவர் தலை, இதயம், முதுகுத்தண்டு, சிறுநீரகம், கை கால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நான் பயந்த இடத்தைப் பற்றி மட்டும் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. இருக்கவும் முடியாது. வெளியே வந்து மாமியாரிடம் "எல்லாம் நல்லா இருக்குதாம் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிரசவ அறையில் நர்ஸ் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். "பொண்ணு பொறந்திருக்கா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், சிலர் வருத்தப்படுவார்கள் என்பதால். நான் அழுத அழுகையை அவர் தப்பாகத்தான் புரிந்திருப்பார்.

ஐயா, அம்மா, உங்களுக்கு மருந்தியல் பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில், பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தோன்றி, வயதுக்கு வரும்போது ஆணாக வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அதைவிட வீரியமான டிஎச்டி என்ற ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு. வளர்ந்த பிறகு அவர்களுக்கு ப்ராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கை விழவில்லை. அந்த நொதியைத் தடுத்தால் என்ன என்ற எண்ணத்தில் உருவானதுதான் ஃபினாஸ்டிரைடு. 1992இல் ப்ராஸ்டேட்டுக்கும் 1997இல் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. அதாவது, கருவிலிருக்கும் ஆண் குழந்தைக்கு இது என்ன செய்யக்கூடும் என்பது மருந்து பிறப்பதற்கு முன்பே தெரிந்த செய்தி. புதிதாகக் கண்டுபிடித்த பக்கவிளைவு இல்லை.

பெண்களுக்கு இதை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைப்பேறு முடிந்தவர்கள் இருக்கிறார்கள், கருத்தடை செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பலன் கிடைப்பதாகவும் படித்தேன். முடி உதிர்வுக்குப் பெண்களுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான ஸ்பைரனோலாக்டோன் எழுதினாலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும், ஆண் கருவுக்கு அதிலும் ஆபத்து உண்டு. மினாக்சிடில் தடவச் சொன்னாலும் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஃபினாஸ்டிரைடு சாப்பிடுகிறவர் இரத்தம் கொடுக்க வந்தால், நிறுத்தி ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள், அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம் என்பதால். முகம் தெரியாத ஒரு கர்ப்பிணிக்காக அங்கே கேட்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருந்த என்னிடம் இங்கே கேட்கவில்லை.

அப்புறம் அந்த ஐம்பது சதவீதம். எங்கிருந்து எடுத்தார் என்று தேடிப் பார்த்தேன். 2017இல் பிரிட்டனில் 52,000 ஆண்களின் மரபணுக்களை ஆராய்ந்து, வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டறிந்தார்கள். அவற்றில் 40, ஆண் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் எக்ஸ் குரோமோசோமில். மாமன் தலையைப் பார்த்தால் மருமகன் தலை தெரியும் என்று ஊரில் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. அப்பா வழியிலும் வரும். அதுவும் ஆண்களைப் பற்றிய ஆராய்ச்சி. பெண்களுக்கு வரும் உதிர்வின் மரபைப் பற்றி அவ்வளவுகூடத் தெரியவில்லை. அப்படியிருக்க, பூவா தலையா போட்ட மாதிரி ஒரு எண்ணை எப்படிச் சொல்ல முடிந்தது? வரலாம், வராமலும் போகலாம், எண்ணாகச் சொல்ல முடியாது, வந்தாலும் அது உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தால் போதுமே. ஒரு குடும்பம் பிள்ளை பெறலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வது சிறிய தவறு இல்லை.

வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில், ஜே அட்டவணையில் இருக்கிறது. பேருந்தின் முதுகிலும் கைபேசியிலும் வரும் விளம்பரங்களைப் பார்த்தால் அப்படி ஒரு விதி இருப்பதாகவே தெரியாது. பிரசவமாகி நான்காவது மாதம் எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. பிரசவத்துக்குப் பின் பலருக்கும் வருவதுதான், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அந்த வாரம் அதே மையத்திலிருந்து தள்ளுபடி இருப்பதாக அழைப்பு வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே எடுத்தேன். அந்தப் பெண்ணும் விலையைச் சொன்னாள், தவணையைச் சொன்னாள். குழந்தை அழுகிற சத்தம் அவள் காதில் விழுந்திருக்கும். அவளும் கேட்கவில்லை.

ஆண்களிடமும் கேளுங்கள். இந்த மாத்திரையால் சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைந்து, நிறுத்திய பிறகு கூடியிருக்கிறது. பிள்ளையில்லை என்று வந்தால் முதலில் எங்களைத்தான் படுக்க வைத்துச் சோதிக்கிறார்கள். கணவர் தலைமுடிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஒரு நாளைக்கு அறுபது டோக்கன் பார்க்கிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள் என்று தெரியும். கல்யாணமாகாத பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது என்ற தயக்கம் இருப்பதும் தெரியும். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒரு ரப்பர் முத்திரை செய்து வையுங்கள்: "இந்த மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டாகக் கூடாது. நாள் தள்ளிப்போனால் உடனே நிறுத்திவிட்டு வரவும்." சீட்டிலும் கவரிலும் குத்திக் கொடுங்கள். அந்தக் கவரில் கட்டங்களுக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது.

தங்கையின் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, நாலு நாள்தான் சாப்பிட்டிருந்தாள். வரும் மாதம் அவளுக்கு மறுபரிசோதனை. என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன். பழனியில் மொட்டை போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது, தலை முழுக்க இப்போதுதான் முளைவிட்டிருக்கிறது. நாங்கள் வாய் திறப்பதற்கு முன் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்