கோடையில் கடற்கரைக்குக் கோச் பிடிக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்க, தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் வாட்ஸாப்பில் நீங்கள் போடும் சுற்றுலா அறிவிப்பு எங்களுக்கு மனப்பாடம். கோச் பேருந்து புறப்படும் இடம், பெரியவர்களுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு, மதியச் சாப்பாடு உண்டு. பிளாக்பூல், பிரைட்டன், மார்கேட், கிரேட் யார்மத் என்று ஊர் மட்டும் மாறும். போய் இறங்கினால் மணல், ராட்டினம், சிப்ஸ், குழுப்படம். திரும்பும் வழியெல்லாம் பாட்டுக்குப் பாட்டு. அதே கடற்கரைகளில் நூறு வருடங்களுக்கு மேலாக நிற்கும் அரங்குகளுக்குள் நாம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. இந்த வருடம் ஏதாவது ஒரு காட்சிக்கு எல்லோரையும் கூட்டிப்போங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

"அதெல்லாம் வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள் பார்ப்பது" என்பீர்கள். இன்றைக்குப் போனால் நரைத்த தலைகள்தான் அதிகம், சரி. ஆனால் அந்த அரங்குகளை நிரப்பியவர்களில் பெரும்பகுதி கூலிக்காரச் சனம். லங்காஷயர் பருத்தி ஆலை ஊர்கள் கோடையில் ஊருக்கு ஒரு வாரம் என்று முறைவைத்து ஆலைகளை மூடும். ஒரே தெருக்காரர்கள் ஒரே ரயிலில் பிளாக்பூலுக்கோ மோர்கம்புக்கோ வந்து இறங்குவார்கள். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஊதியத்தோடு விடுமுறைக்கான சட்டமே 1938இல்தான் வந்தது. வருடம் முழுக்கச் சேர்த்த சில்லறையோடு வருகிறவர்கள் ஒரு வாரம் தங்குவார்கள். பாதி நாள் மழை. அவர்களை நம்பித்தான் அந்தக் கடற்கரைக் கலைஞர்கள் பிழைத்தார்கள்.

ஆரம்பம் மணலில்தான். 1891இல் பாஞ்சோ என்ற நரம்புக் கருவி வாசிப்பவரான கிளிஃபர்ட் எசெக்ஸ் ஒரு பியரோ குழுவைத் தொடங்கினார். பியரோ என்பது வெள்ளை உடுத்த ஒரு கோமாளி வேடம். தொளதொள வெள்ளை உடை, கறுப்பு நூல்பந்துகள், கூம்புத் தொப்பி. சில வருடங்களிலேயே அந்த உடை எல்லாக் கடற்கரைக்கும் பரவிவிட்டது. ஸ்கார்பரோவில் வில் கேட்லினின் குழு பெரும் பெயர் எடுத்தது. ஏழெட்டுப் பேர், ஒரு மரமேடை, ஒரு பியானோ. நகைச்சுவைக்காரர் ஒருவர், உச்சக்குரலில் பாட ஒருவர், நடனத்துக்கு ஒருவர் என்று வேலை பிரித்துக்கொள்வார்கள்; ஆனால் எல்லோரும் எல்லாமும் செய்யத் தெரிந்தவர்கள். ஒலிவாங்கி கிடையாது. காற்றையும் அலையையும் மீறிக் குரல் போய்ச் சேர வேண்டும். காட்சி நேரத்தைக் கடலின் ஏற்றவற்றம் தீர்மானிக்கும். பார்க்கிறவர் ஒரு வாரம் தங்குகிறவர் என்பதால் அதே நிகழ்ச்சியை மறுநாளும் போட்டால் ஆள் வராது. வாரத்துக்குள் பலமுறை மாற்றியாக வேண்டும். நடுவே ஒருவர் உண்டியலோடு கூட்டத்துக்குள் வருவார். நாற்காலிக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள்; பின்னால் நிற்பவர்கள் அந்த நேரம் பார்த்து நழுவுவார்கள். நம் ஊர்க் கூத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. பியரோக்களுக்கு முன்பு கடற்கரையை ஆண்டவர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த பாட்டுக் குழுக்கள். பியரோக்கள் வந்த பிறகும் அந்த வழக்கம் பல வருடங்கள் தொடர்ந்தது. நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டே உள்ளே போகட்டும்.

மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டுமே. அப்படித்தான் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு நிற்கும் கடற்பாலங்களின்மேல் (பியர்) மண்டபங்கள் எழுந்தன. பிளாக்பூலின் வடக்குப் பாலத்தில் 1877இல் கட்டிய மண்டபத்துக்குப் பெயரே இந்திய மண்டபம். இந்தியக் கோயிலைப் பார்த்து வரைந்த அலங்காரம். உள்ளே ஆங்கிலேய இசைக்குழு! 1921இல் அது எரிந்துபோனது. அதன்பின் வந்த அரங்கும் 1938இல் எரிந்தது. இன்று நீங்கள் பார்ப்பது 1939இல் கட்டியது. இரும்புக் கால்கள்மேல் மரத்தளம், சுற்றிலும் காற்று, கரையிலிருந்து தூரம். ஒரு பொறி போதும். பிரைட்டன் மேற்குப் பாலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் நாம் எல்லோரும் படம் எடுத்திருக்கிறோம். அதன் மேலும் ஓர் அரங்கு இருந்தது. பாலம் 1975இல் மூடப்பட்டு, 2003இல் தீக்கிரையானது. பக்கத்துப் பாலத்தின் அரங்கை 1973 புயலில் ஒரு படகு மோதிச் சிதைத்தது. 1986இல் அதைக் கழற்றி எடுத்தார்கள், திரும்பப் பூட்டவேயில்லை. அந்த இடத்தில்தான் இப்போது நம் பிள்ளைகள் ராட்டினம் ஏறுகிறார்கள்.

எஞ்சியிருப்பதில் எங்கே போகலாம்? நார்ஃபோக்கில் குரோமர். 1901இல் திறந்த பாலம். அதன்மேல் ஏறக்குறைய 500 பேர் உட்காரும் சிறிய அரங்கு. பாட்டு, நடனம், மாயவித்தை, நகைச்சுவை கலந்த பழைய பாணி நிகழ்ச்சியைக் கோடை முழுவதும் இன்னும் நடத்துகிறார்கள். கிரேட் யார்மத் போகிறவர்களுக்கு ஹிப்போட்ரோம் சர்க்கஸ், 1903இல் கட்டியது. ஆட்டக்களத் தரை அப்படியே கீழே இறங்க, நீர்த்தடாகம் வெளிப்படும். பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள். என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு இதுதான்: கழைக்கூத்துக்கும் அந்தரத்தில் ஆடுவதற்கும் ஆங்கிலம் தேவையில்லை, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவும் ரசிக்கலாம். வடக்கே இருப்பவர்கள் மோர்கம்பின் விண்டர் கார்டன்ஸைக் கவனியுங்கள். 1897இல் திறந்து 1977இல் மூடிய அரங்கை 2006இல் ஓர் அறக்கட்டளை வாங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு மீட்டெடுத்து வருகிறது. அங்கே நாம் வாங்கும் டிக்கெட் காசு கூரைக்கும் சுவருக்கும் போகும்.

செலவு கூடும் என்று பொருளாளர் முறைப்பது தெரிகிறது. குழுவாக எடுத்தால் சலுகை உண்டா என்று முன்பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். மாலைக் காட்சி என்றால் வீடு திரும்ப நடுநிசி ஆகிவிடும், மதியக் காட்சியே பிடியுங்கள். ஆகஸ்டுக்கு இப்போதே பதிந்தால்தான் ஒரு கோச் நிறைய ஆட்களுக்குச் சேர்ந்தாற்போல் இருக்கை கிடைக்கும். புளிச்சோற்றுப் பொதிகளைக் கடற்கரையிலேயே முடித்துவிட்டுக் கைகழுவி உள்ளே போகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கோச்சில் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிற ஓர் உறுப்பினர்